விவாதம் பாதி, விஸ்கி மீதி

எடின்பரோவின் மாணவர்கள் இன்றும் எதைப் பற்றியும் சண்டை போடத் தயார். மேஜையில் யாருக்கு இடம் என்பதுதான் நெடுங்காலச் சண்டை

நவம்பர் மாத மாலை. நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. மழை என்று சொல்ல முடியாத, ஆனால் ஓவர்கோட்டை நனைத்துவிடும் சாரல். பழைய கல் கட்டிடம் ஒன்றின் மாடியறையில் முப்பது நாற்பது மாணவர்கள் நீள மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு பென்சில், ஒரு தாள், வாய் குறுகிய சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள். கிண்ணத்தின் அடியில் தேன் நிறத்தில் இரண்டு மிடறு திரவம். யாரும் அதைக் குடிக்கவில்லை. எல்லோரும் மூக்கை உள்ளே விட்டு மோந்துகொண்டிருக்கிறார்கள்.

"ஆப்பிள்" என்கிறது ஒரு மூலை. "இல்லை, பேரிக்காய்" என்கிறது இன்னொன்று. மருத்துவம் படிக்கும் மாணவிக்கு ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வருகிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்தவருக்கு ஈர விறகு புகையும் அடுப்பும், பக்கத்தில் உடைத்து வைத்த கருப்பட்டியும். அரை மணி நேரத்தில் அறை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் மாணவர் வாழ்க்கையின் சாதாரணக் காட்சிகளில் இது ஒன்று. 1583இல் முதல் வகுப்பைத் தொடங்கிய எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இன்று ஏறத்தாழ 50,000 பேர் படிக்கிறார்கள். செஸ் ஆட, மலை ஏற, நாடகம் போட என்று இருநூற்றுக்கும் மேற்பட்ட மாணவர் சங்கங்கள். விஸ்கிக்கென்றே ஒன்று உண்டு. ‘உயிர்நீர்ச் சங்கம்’ என்பது அதன் பெயரின் பொருள். காரணம், விஸ்கி என்ற சொல்லே ஸ்காட்லாந்தின் பழைய கேலிக் மொழியில் உயிர்நீர் என்று பொருள்படும் ‘உஷ்க பெஹா’ என்பதிலிருந்து தேய்ந்து வந்ததுதான். வடக்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக மாணவர்களின் விஸ்கி சங்கத்துக்கு, இரண்டு கைப்பிடி வைத்த பாரம்பரியக் குடிகிண்ணத்தின் பெயரான ‘குவேக்’ என்று பெயர்.

இந்தியப் பெற்றோருக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் இந்த ஊரில் சாராயமும் சாஸ்திரமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தது நேற்றல்ல.

புட்டியோடு பாடம்

1770களில் எடின்பரோ, ஐரோப்பாவின் மருத்துவத் தலைநகரங்களில் ஒன்று. வில்லியம் கல்லன் என்ற பேராசிரியரின் வகுப்புக்கு அமெரிக்காவிலிருந்துகூட மாணவர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவர் ஜான் பிரவுன், ஏழைத் தொழிலாளியின் மகன். குருவுக்கும் சீடருக்கும் மனஸ்தாபம் முற்றியது. 1780இல் பிரவுன் குருவின் கொள்கைகளுக்கு நேரெதிராக ஒரு நூலை லத்தீனில் வெளியிட்டார். அதன் சாரம் எளிமையானது: உடலில் தூண்டுதல் அதிகமானாலும் நோய், குறைந்தாலும் நோய்; பெரும்பாலான நோய்கள் குறைவால் வருபவை; அதற்கு மருந்து நல்ல மாமிசம், மது, அபின்.

இப்படி ஒரு வைத்தியம் மாணவர்களிடையே பிரபலமானதில் ஆச்சரியமில்லை. பிரவுன் வகுப்பெடுக்கும்போது ஒரு பக்கம் விஸ்கிப் புட்டியும் மறுபக்கம் அபின் கரைசலும் வைத்துக்கொண்டு, குரல் தளரும்போதெல்லாம் மாறி மாறிப் பருகுவார் என்று ஒரு கதை உண்டு. கதையில் எவ்வளவு உண்மையோ, விளைவு நிஜம். 1737இல் மாணவர்களே தொடங்கிய ராயல் மெடிக்கல் சொசைட்டி கல்லன் கட்சி, பிரவுன் கட்சி என்று இரண்டானது. விவாதங்கள் அத்துடன் நிற்காமல் துப்பாக்கிச் சண்டைக்கு அறைகூவல் விடும் அளவுக்குப் போயின. கடைசியில் சங்கம் ஒரு விதியே போட வேண்டியதாயிற்று: சபையில் பேசியதற்காக சக உறுப்பினரைச் சண்டைக்கு அழைப்பவர் வெளியேற்றப்படுவார்.

பிரவுன் கடனில் மூழ்கி, லண்டனுக்குப் போய், 1788இல் இறந்தார். அவருடைய வைத்தியமும் காலாவதியாகிவிட்டது. அந்த விதியின் உள்ளர்த்தம் மட்டும் இன்றும் செல்லும். எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு, ஆனால் பேச்சால் மட்டும்.

அறுபத்திரண்டு என்ற அதிர்ச்சி

பல்கலைக்கழகத்துக்குச் சுற்றுச்சுவரோ பெரிய வாயிலோ கிடையாது. ஊருக்குள் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகத்துக்குள் ஊர். கவிகை மண்டபத்துடன் கூடிய பழைய கல்லூரியிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஜார்ஜ் சதுக்கம். அங்கே 1960களில் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகளை இடித்து எழுப்பிய கான்கிரீட் கட்டிடங்கள். இடிக்கலாமா கூடாதா என்பதே அப்போது பெரிய வழக்காக இருந்தது. சதுக்கத்தின் தெற்கு ஓரத்தில் 1967இல் திறந்த தலைமை நூலகம். அதைத் தாண்டினால் ‘மெடோஸ்’ என்ற புல்வெளி. அதற்கப்பால் மார்ச்மன்ட் பகுதியின் நாலு மாடிக் கல் வீடுகள். நான்கைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் மாணவர்களின் கோட்டை. உறவினரல்லாத மூன்று பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து குடியிருந்தால் வீட்டுக்காரர் நகராட்சியிடம் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். உயரமான கூரை, பெரிய ஜன்னல், அழகான அறைகள்தான். ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டரை எத்தனை மணி நேரம் போடுவது என்பதில் தொடங்கும் சர்ச்சை, மார்க்சியம் பற்றிய சர்ச்சையைவிட நீளமானது.

டிசம்பரில் சூரியன் மூன்றே முக்காலுக்குள் மறைந்துவிடும். ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம். வெப்ப நாட்டிலிருந்து வருபவர்களுக்குக் குளிரைவிட இந்த இருட்டுதான் பெரிய சோதனை. கிழக்கே கடலிலிருந்து திடீரென்று ஏறிவரும் ‘ஹார்’ என்ற மூடுபனி, 251 மீட்டர் உயரமுள்ள ஆர்தர்ஸ் ஸீட் குன்றை முழுசாக விழுங்கிவிடும். தேர்வு முடிந்த நாளில் அந்தக் குன்றின் மேல் ஏறி நின்று ஊரைப் பார்ப்பது மாணவர்கள் எழுதாமல் வைத்திருக்கும் சடங்கு.

விரிவுரைகளில் நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள். உண்மையான படிப்பு டுடோரியலில்தான் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு ஆசிரியர், ஒரு மணி நேரம். முந்தைய வாரம் கொடுத்த கட்டுரைகளைப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். ஆசிரியரை ‘சார்’ என்று யாரும் கூப்பிடுவதில்லை, பெயர் சொல்லித்தான். பேராசிரியர் எழுதிய நூலையே அவர் முன்னால் குறை சொல்லலாம். குறை சொன்னால் அவருக்குச் சந்தோஷம், ஆதாரத்தோடு சொன்னால் இரட்டைச் சந்தோஷம். பன்னிரண்டு ஆண்டுகள் கைகட்டிக் கேட்டுப் பழகிய இந்திய மாணவருக்கு முதல் மாதம் வாய் திறக்கவே வராது. வந்த பிறகு நிற்காது.

அடுத்த அதிர்ச்சி மதிப்பெண். தேர்ச்சிக்கு 40. எழுபதைத் தொட்டால் முதல் வகுப்பு. எண்பது என்பது அபூர்வம். ஊரில் 98 வாங்கியவர் இங்கே முதல் கட்டுரைக்கு 62 வாங்கும்போது, வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று தவிக்கிறார். ‘நல்லது’ என்று ஓரத்தில் எழுதியிருப்பதை அவர் நம்புவதில்லை. 62 நிஜமாகவே நல்ல மதிப்பெண்தான் என்று பெற்றோரை ஒப்புக்கொள்ள வைப்பது தனி ஆராய்ச்சிப் பட்டத்துக்கு உரிய வேலை.

பணம் இன்னொரு கோடு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மாணவருக்கு முதல் பட்டப் படிப்புக் கட்டணத்தை அரசே செலுத்திவிடுகிறது. இங்கிலாந்து மாணவர் ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கட்டுகிறார். இந்தியாவிலிருந்து வருபவருக்கு 25,000 பவுண்டைத் தாண்டிவிடுகிறது. ஒரே பெஞ்சு, ஒரே பாடம், மூன்று விலை. விசா விதிப்படி வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை பார்க்கலாம். காப்பிக் கடையில் கோப்பை கழுவிவிட்டு ஓட்டமாக டுடோரியலுக்கு வருபவருக்கும், இங்கிலாந்தின் விலையுயர்ந்த தனியார் பள்ளியிலிருந்து வருபவருக்கும் இடையே மேஜையின் அகலம் இரண்டடிதான். ஆனால் சில நாட்களில் அது கடலாகத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், தங்கள் உச்சரிப்பை இங்கிலாந்து மாணவர்கள் கேலி செய்கிறார்கள் என்று சொந்த ஊர்க்காரர்களான ஸ்காட்லாந்து மாணவர்களே புகார் செய்திருக்கிறார்கள். 2024இல் இது பத்திரிகைச் செய்தியாகி, பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டி வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில் சண்டை வேறு விதம். சம்பளம், வேலைப் பளு பற்றிய தகராறில் பிரிட்டன் முழுவதும் ஆசிரியர் சங்கம் 2023 ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை விடைத்தாள் திருத்த மறுத்தது. எடின்பரோவில் அந்தக் கோடையில் பலர் தங்களுக்கு என்ன வகுப்பு என்று தெரியாமலேயே பட்டமளிப்பு விழா மேடையேறினார்கள். மேற்படிப்புக்கும் வேலைக்கும் விசாவுக்கும் மதிப்பெண் தேவைப்பட்டவர்களுக்கு அது விளையாட்டல்ல. ஆனாலும் பல மாணவர்கள் ஆசிரியர்கள் பக்கமே நின்றார்கள். தன் எதிர்காலத்தையே பிடித்து வைத்திருப்பவரின் கோரிக்கை நியாயம் என்று வாதாடுவது சுலபமான காரியமில்லை.

அடித்த வரிகள்

எடின்பரோவின் சச்சரவுகளுக்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1825இல் மருத்துவம் படிக்க வந்த பதினாறு வயதுப் பையன் சார்லஸ் டார்வினுக்கு விரிவுரைகள் சலித்தன, அறுவை சிகிச்சை பயமுறுத்தியது. அவரைப் பிடித்து வைத்தது பிளினியன் என்ற மாணவர் சங்கம். 1827 மார்ச்சில் ஒரு மாலை, சிறிய கடல்வாழ் உயிரினங்கள் பற்றித் தான் கண்டறிந்ததை அங்கே அவர் சொன்னார். அதே மாலை இன்னொரு மாணவர், மனம் என்பது தனிப் பொருளல்ல, மூளையின் செயலே என்று வாதிட்டார். சபை கொதித்தது. அந்தப் பேச்சு பற்றிய குறிப்பு நடவடிக்கைப் புத்தகத்தில் அடிக்கப்பட்டது. அடித்த கோட்டுக்குக் கீழே எழுத்துகள் தெரிந்தன. பின்னால் வந்த ஆய்வாளர்கள் படித்துவிட்டார்கள். டார்வின் இரண்டு ஆண்டுகளில் பட்டம் வாங்காமல் போய்விட்டார். வகுப்பறை தராததை மாணவர் சங்கம் தந்தது.

ஆனால் அந்த மேஜையில் எல்லோருக்கும் நாற்காலி இருந்ததா? 1869இல் பெண்கள் மருத்துவம் படிக்க அனுமதிக்கப்பட்டார்கள். சோஃபியா ஜெக்ஸ்பிளேக் உட்பட ஏழு பேர். மறு ஆண்டு நவம்பர் 18 அன்று அவர்கள் உடற்கூறு தேர்வெழுத சர்ஜன்ஸ் ஹாலுக்கு வந்தபோது, நூற்றுக்கணக்கானவர்கள் வழிமறித்துச் சேற்றை வீசினார்கள். வாயிற்கதவை முகத்திலடித்தாற்போல் மூடினார்கள். உள்ளே போய்த் தேர்வெழுதத் தொடங்கியதும் ஒரு ஆட்டைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். அது இருக்கட்டும், அனுப்பியவர்களைவிட அதற்கு அறிவு அதிகம் என்று தேர்வு நடத்திய ஆசிரியர் சொன்னதாக வரலாறு. அந்த ஏழு பேருக்கும் பட்டம் தரப்படவில்லை. நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில்தான், எல்லோரும் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, அவர்களுக்குக் கௌரவப் பட்டம் வழங்கப்பட்டது. அவற்றை மேடையில் பெற்றுக்கொண்டவர்கள் இன்று அங்கே மருத்துவம் படிக்கும் மாணவிகள்.

இந்தியர்களின் கதையும் இதே சாயலில்தான். 1883இல் எடின்பரோவில் படித்த இந்தியர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். வேதியியல் படிக்க வந்த பிரபுல்ல சந்திர ராய், 1857 கலகத்துக்கு முன்னும் பின்னும் இந்தியா என்ற தலைப்பில் பல்கலைக்கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் 1885இல் கலந்துகொண்டார். பிரிட்டிஷ் ஆட்சியைத் தாட்சண்யமில்லாமல் விமர்சித்தார். பரிசு கிடைக்கவில்லை, தானே அச்சிட்டு வெளியிட்டார். ஆனால் 1887இல் அதே பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தந்தது. ஆட்சியைத் திட்டிய மாணவரை ஆய்வுக்கூடத்திலிருந்து யாரும் விரட்டவில்லை. எடின்பரோவின் நல்ல முகம் அது.

மற்ற முகம் 1927இல் தெரிந்தது. நகரின் சில உணவு விடுதிகளும் நடன அரங்குகளும் வெள்ளையரல்லாதவருக்கு அனுமதியில்லை என்று அறிவித்தன. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு மாலையில் காப்பி குடிக்க முடியாது. இந்திய மாணவர் சங்கம் எதிர்த்துக் கிளம்பியது. விவகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. ஊரில் அடிமை நாட்டவர், இங்கே மாணவர் என்ற இரட்டை வேடம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்தத் தலைமுறை ஒரு கோப்பைக் காப்பியில் தெரிந்துகொண்டது.

மாணவர்கள் ஒன்றாகத் தங்கி, தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் விடுதியை 1887இல் கோட்டைக்கருகே தொடங்கியவர் பாட்ரிக் கெடிஸ். தமிழர்களுக்கு அவர் அன்னியரல்ல. 1914இல் இந்தியா வந்து மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து, பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல் சிறிய அறுவை சிகிச்சை போலத் திருத்தினால் போதும் என்று அறிக்கை எழுதிய நகரமைப்பு நிபுணர் அவரே. எடின்பரோவின் இடிந்த சந்துகளில் மாணவர்களைக் குடிவைத்துக் கற்ற பாடம் அது.

மாணவர்கள் கையில் ஒரு பெரிய ஆயுதமும் உண்டு. பல்கலைக்கழகத்தின் ‘ரெக்டர்’ பதவிக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாணவர்களும் ஊழியர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். நிர்வாகக் குழுவுக்குத் தலைமை தாங்கும் உரிமை அந்தப் பதவிக்கு உண்டு. சர்ச்சில் ஒரு காலத்தில் ரெக்டராக இருந்தார். 1968 ஜனவரியில், மாணவர் மருத்துவ மையத்தில் கருத்தடை மாத்திரை வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்க மறுத்த எழுத்தாளர் மால்கம் மக்கரிட்ஜ், தேவாலயப் பிரசங்கத்திலேயே ராஜினாமாவை அறிவித்தார். 1972இல் மாணவர்கள் இருபத்தோரு வயது மாணவர் ஒருவரையே தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகத்தோடு முட்டி மோதி மூன்று ஆண்டுகள் தலைமை நாற்காலியில் அமர்ந்த அந்த இளைஞர் கார்டன் பிரவுன், 2007இல் பிரிட்டனின் பிரதமரானார்.

சமீப காலப் பெரிய சண்டைகளில் ஒன்று ஒரு பெயர்ப்பலகை பற்றியது. எடின்பரோ பெற்ற பெரிய தத்துவஞானி டேவிட் ஹியூம். சிறுவனாக இருந்தபோதே இங்கே படித்தவர். 1745இல் பேராசிரியர் பதவிக்கு முயன்றபோது நாத்திகர் என்று சொல்லி மதகுருமார்கள் தடுத்துவிட்டார்கள். பிறகு பல்கலைக்கழகம் மனம் மாறி 1963இல் திறந்த தன் உயரமான கட்டிடத்துக்கு அவர் பெயரை வைத்தது. 2020இல் மாணவர்கள் மனுப் போட்டார்கள்: கறுப்பினத்தவர் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று ஒரு அடிக்குறிப்பில் எழுதியவரின் பெயர் எதற்கு? செப்டம்பரில் பெயர் நீக்கப்பட்டது. இப்போது அது வெறும் ‘40, ஜார்ஜ் சதுக்கம்’. வாழ்ந்தபோது கடவுளை நம்பாததற்காகவும், இறந்தபின் மனிதரை நம்பாததற்காகவும் ஒரே பல்கலைக்கழகத்தால் இருமுறை நிராகரிக்கப்பட்ட தத்துவஞானி உலகில் வேறு யாரும் இருக்க முடியாது.

சரியா தவறா? டுடோரியல்களில் இன்றும் தீரவில்லை. பெயரை எடுப்பது வரலாற்றை அழிப்பது என்கிறது ஒரு கட்சி. கட்டிடத்துக்குப் பெயர் என்பது வரலாறல்ல, மரியாதை என்கிறது மறுகட்சி. அந்தக் கட்டிடத்துக்குள் பரீட்சை எழுதப் போக வேண்டிய ஆப்பிரிக்க மாணவருக்கு இது வெறும் தத்துவப் பிரச்னை அல்ல. பல்கலைக்கழகமும் பழைய கணக்குகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. காலனி ஆட்சிக் காலத்தில் சேர்த்து வைத்த மண்டையோடுகளில் இலங்கையின் வேடர் இனத்தவருடைய ஒன்பதை 2019 நவம்பரில் அவர்கள் தலைவரிடமே திருப்பித் தந்தது. அடிமை வணிகத்தாலும் காலனி ஆட்சியாலும் தான் அடைந்த லாபம் பற்றிய ஆய்வறிக்கையை 2025 ஜூலையில் வெளியிட்டது.

வேடிக்கை இன்னும் முடியவில்லை. ராயல் மைல் வீதியில் ஹியூமின் வெண்கலச் சிலை இருக்கிறது. அதன் கால் கட்டைவிரலைத் தடவினால் பரீட்சையில் அதிர்ஷ்டம் என்று மாணவர்களிடையே நம்பிக்கை. மூடநம்பிக்கைகளை வாழ்நாள் முழுவதும் சாடியவரின் கட்டைவிரல், தடவித் தடவிப் பளபளக்கிறது.

எது விஸ்கி?

மாடியறையில் இரண்டாவது கிண்ணம் வந்துவிட்டது. விதிகள் எளிமையானவை. முதலில் நிறம் பார்க்க வேண்டும். ஆனால் அதை நம்பக் கூடாது, நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரை சேர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. பிறகு வாயைச் சற்றுத் திறந்தபடி மோந்து பார்க்க வேண்டும். ஒரு துளி நாக்கில். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் சேர்த்து மறுபடி. தண்ணீர் சேர்ப்பது பாவம் என்று வாதிடும் புதியவர்களுக்கு வேதியியல் மாணவர்கள் 2017இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வைக் காட்டி வாயடைக்கிறார்கள். நீர்க்கும்போது புகை மணம் தரும் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன என்கிறது அது.

பொருள் என்னவோ மூன்றுதான்: முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட். ஓக் மரப் பீப்பாயில் ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது மூன்று ஆண்டுகள் ஊறினால்தான் ஸ்காட்ச் என்ற பெயர். புட்டியில் 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் இருக்க வேண்டும். மேற்கே ஐலா தீவில், சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கிக் கிடந்த ‘பீட்’ மண்ணைக் கொளுத்தி அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறார்கள். ஆஸ்பத்திரி வாடையின் ரகசியம் அதுதான். ஆண்டுக்குச் சுமார் 2 சதவிகிதம் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும். அதற்கு ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர். படிப்பாகவே படிக்கவும் செய்யலாம். ஊரின் மேற்கு ஓரத்தில் உள்ள ஹெரியட் வாட் பல்கலைக்கழகம் மது வடிப்பில் எம்.எஸ்சி. பட்டம் தருகிறது.

இந்திய மாணவர் இருக்கும் மேஜையில் ஒரு வழக்கு கட்டாயம் எழும். இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்புச் சக்கைப்பாகிலிருந்து வடித்த சாராயம் கலந்தது. பிரிட்டிஷ் சட்டப்படி அதை விஸ்கி என்று சொல்லவே கூடாது. தானியத்திலிருந்து வடித்தால்தான் விஸ்கி. "அப்படியானால் உலகத்திலேயே அதிக விஸ்கி குடிக்கும் நாடு விஸ்கியே குடிக்கவில்லையா?" என்று கேட்பார் ஒருவர். பெயரை வைப்பவர் யார் என்ற ஜார்ஜ் சதுக்கத்துச் சண்டை இங்கே வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

இதற்குப் பதில் சொன்னதும் ஒரு மாணவர்தான். பெங்களூரின் அம்ருத் நிறுவனத்தை நடத்தும் குடும்பத்தின் இளைஞர் ஒருவர் 2000களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நியூகேசிலில் எம்.பி.ஏ. படித்தார். இந்திய சிங்கிள் மால்ட்டை பிரிட்டனில் விற்க முடியுமா என்பது அவர் ஆய்வு. 2004இல் அம்ருத் சிங்கிள் மால்ட் அறிமுகமானது பெங்களூரில் அல்ல, கிளாஸ்கோவில். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கே ஸ்காட்லாந்துக்காரர்களின் கலையைக் காட்டும் துணிச்சல். பெங்களூரின் வெயிலில் தேவதைகள் ஆண்டுக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் குடித்துவிடுகிறார்கள். பதிலுக்கு, அங்கே நாலைந்து ஆண்டுகளில் வரும் முதிர்ச்சிக்கு இங்கே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பெயர் மறைத்த கிண்ணங்களில் ருசி பார்க்கும் இரவில் அதை ஐலா சரக்கு என்று அடித்துச் சொல்லிவிட்டு அசடு வழியும் ஸ்காட்லாந்துக்காரரைப் பார்ப்பது இந்திய மாணவர்களுக்குத் தனி ருசி.

கணக்கு இப்போது தலைகீழாகியும் வருகிறது. புட்டி எண்ணிக்கையில் பிரான்சை முந்தி 2022இல் ஸ்காட்ச்சின் மிகப் பெரிய சந்தையானது இந்தியா. 150 சதவிகிதமாக இருந்த இறக்குமதி வரியை முதலில் 75ஆகவும், பத்து ஆண்டுகளில் 40ஆகவும் குறைக்க வகை செய்யும் ஒப்பந்தம் 2025 ஜூலையில் கையெழுத்தானது. ஒரு காலத்தில் எடின்பரோவின் விடுதிகளில் நுழையத் தடுக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகளை நம்பித்தான் இன்று வடிசாலைகள் பீப்பாய்களை நிரப்புகின்றன.

இதில் இருண்ட பக்கம் இல்லாமலில்லை. குடிப்பழக்கம் ஸ்காட்லாந்தின் தீராத நோய். மலிவு மதுவைத் தடுக்க 2018 மே மாதம் முதல் குறைந்தபட்ச விலைச் சட்டம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் அது உயர்த்தப்பட்டபின், 700 மில்லி விஸ்கிப் புட்டியை 18 பவுண்ட் 20 பென்சுக்குக் கீழ் விற்க முடியாது. இரவு பத்து மணிக்குமேல் கடைகளில் மது வாங்க முடியாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே குடித்துவிட்டு நிலைதடுமாறுவதும் நடக்கிறது. ஆறு கிண்ணம் வைத்து ஒரு மணி நேரம் வாதாடும் இந்த மேஜைக்கும், ஒரே மூச்சில் விழுங்கும் கூட்டத்துக்கும் உள்ள தூரத்தைக் கற்பது பலருக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். குடிக்காதவர்களும் கணிசம். மதத்தால், வளர்ப்பால், அல்லது வெறுமனே விருப்பமில்லாமல். எல்லா நட்பும் மதுக்கடையில்தான் முளைக்கிறது என்றால் தங்கள் கதி என்ன என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. அதனால்தான் பல சங்கங்கள் இப்போது மதுவில்லாத மாலைகளையும் நடத்துகின்றன. மார்ச்மன்ட் வீடுகளின் சமையலறைகளில் நள்ளிரவு இஞ்சி டீயோடு நடக்கும் விவாதங்களின் தரம் எந்த விஸ்கி மேஜைக்கும் குறைந்ததல்ல.

ஒன்பதரை மணி. கடைசிக் கிண்ணமும் காலி. எந்த விஸ்கி சிறந்தது என்று ஓட்டெடுக்கிறார்கள். முடிவை யாரும் ஏற்பதில்லை. கோட்டுகளை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது ஹியூமில் விட்ட இடத்திலிருந்து இருவர் தொடர்கிறார்கள். மழை இன்னும் நிற்கவில்லை. தெருமுனைக் கடையில் சுடச்சுட உருளைக்கிழங்கு வறுவல். உப்பும் வினிகருமா, உப்பும் சாஸுமா என்று கேட்கிறார் கடைக்காரர். வினிகர், கிளாஸ்கோவின் ருசி. நீர்த்த பழுப்பு சாஸ், எடின்பரோவின் அடையாளம். கிளாஸ்கோவிலிருந்து வந்த மாணவர் முகம் சுளிக்க, நைஜீரியரும் இந்தியரும் சீனரும் ஒரே குரலில் "சாஸ்" என்கிறார்கள்.

அன்றைய இரவின் ஒரே ஏகமனதான தீர்மானம் அது. அதையும் எதிர்த்துப் பேச ஒருவர் இருக்கிறார்.